கச்சு: ஒரு சொல்லும் அதன் நெடுங்கதையும்



பழந்தமிழர் உடுத்தவை, பூண்டவை பற்றி இத்தொடரிலே பேசி வருகிறோம். இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சபையிலே பெயர் சொல்லப் பலரும் தயங்கும் ஒன்று. பெண்கள் மார்பிற் கட்டிய கச்சு. இன்றைய பேச்சிலே உள்ளாடை. ‘இதுவும் ஓர் இலக்கியப் பொருளா?’ என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வள்ளுவர் முகம் சுளிக்கவில்லை. அபிராமிபட்டர் முகம் சுளிக்கவில்லை. நாம் ஏன் சுளிக்கிறோம் என்பதும் இன்று சிந்திக்க வேண்டியதே.

கச்சை யார் அணிந்தார்கள் என்று கேட்டால் இலக்கியம் விடை சொல்லும். யார் அணியக்கூடாது என்று தடுக்கப்பட்டார்கள் என்று கேட்டால் வரலாற்றிடம் போகவேண்டும். முதற் கேள்விக்கு மட்டும் விடை சொல்லி நிறுத்தினால் பாதிக் கதையே சொன்னதாகும். ஆகவே இரண்டையும் இன்று சேர்த்தே பார்ப்போம்.

சொல்லின் வளம்

கச்சு, கச்சை, வார், வம்பு ஆகிய நான்கும் இறுகக் கட்டும் பட்டையைக் குறிக்கத் தமிழில் வழங்கிய சொற்கள். இடையிற் கட்டினால் அரைக்கச்சு. மார்பிற் கட்டினால் முலைக்கச்சு. இவற்றுள் சில இன்றும் வேறு வேடத்தில் நம்மிடையே உலாவுகின்றன. ஒரு காரியத்தில் மும்முரமாக இறங்குகிறவரை ‘கச்சை கட்டிக்கொண்டு நிற்கிறார்’ என்கிறோம். தோலாற் செய்த பட்டையைத் ‘தோல்வார்’ என்கிறோம். வம்பு என்ற சொல்லுக்கு நிலையில்லாமை என்று தொல்காப்பியம் பொருள் கூறும். பின்னர் அதே சொல் மார்க்கச்சையும் குறித்தது. இன்று அது அடுத்த வீட்டுக் கதை பேசுவதற்குப் பெயராகிவிட்டது. சொற்களின் தலைவிதியை யார் அறிவார்!

பத்துப்பாட்டிலே மிகச் சிறியது முல்லைப்பாட்டு. நப்பூதனார் பாடிய அந்நூல் 103 அடிகளே கொண்டது. அதிலே அரசனின் பாசறை ஒன்று வருகிறது. நள்ளிரவு. அரசன் தங்கியிருக்கும் இடத்தில் விளக்கு அணையும்போதெல்லாம் நெய் வார்த்துத் திரி தூண்டுகிறவர்கள் பெண்கள். அவர்கள் பல நிறம் கலந்த கச்சிலே ஒளி வீசும் வாளைச் செருகியிருக்கிறார்கள். பழந்தமிழ்ப் பாட்டொன்றிலே கச்சுக் கட்டிய பெண்களைக் காணும் இடம் பள்ளியறை அல்ல, போர்ப்பாசறை. அந்தக் கச்சு நாணத்தை மறைக்க வந்ததன்று, வாளைத் தாங்க வந்தது.

அதே பாசறையிலே காவல் நிற்கும் யவனர்களும் வருகிறார்கள். அவர்களுடைய உடைக்கு நப்பூதனார் தரும் பெயர் ‘மெய்ப்பை’. மெய்யை இட்டு வைக்கும் பை, அதாவது சட்டை. எவ்வளவு பொருத்தமான சொல்! அந்தப் புலவரின் கண்ணுக்குத் தைத்த சட்டை பிறநாட்டார் உடையாகத் தெரிகிறது. தமிழர் துணியைப் பெரும்பாலும் தைக்கவில்லை. உடுத்தார்கள், போர்த்தார்கள், சுற்றினார்கள், கட்டினார்கள். கட்டும் துணிக்கும் தைத்த துணிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வரும் சண்டைகள் சிலவற்றை விளங்கிக்கொள்ள அது உதவும்.

திருக்குறளுக்கு வருவோம். தகையணங்குறுத்தல் என்ற அதிகாரத்தின் ஏழாங் குறளில், 1087ஆம் குறளில், தலைவியின் மார்பின்மேல் உள்ள துகில் வருகிறது. மதயானையின் கண்களை மறைத்து முகத்திலே இட்ட படாம் போன்றது அத்துகில் என்கிறான் காதலன். யானைக்கு முகபடாம் இடுவது யானையைக் காப்பதற்கல்ல, எதிரே வருகிறவன் உயிர் பிழைப்பதற்கு. ஆக, அந்தத் துகிலும் பார்க்கிறவனைக் காப்பதற்காகவே அங்கே இருக்கிறது. அடக்கம், கற்பு என்ற பெரிய சொற்கள் எதையும் வள்ளுவர் அங்கே கொண்டுவரவில்லை. அழகின் வலிமை ஒன்றையே பேசுகிறார்.

மார்பு எப்போதும் மூடப்பட்டிருந்ததா என்றால், இல்லை என்றே சொல்லவேண்டும். தொய்யில் என்ற வழக்கத்தைச் சங்க நூல்களிற் காண்கிறோம். சந்தனக் குழம்பினால் பெண்களின் தோளிலும் மார்பிலும் கொடிபோலக் கோலம் எழுதுவதே தொய்யில். கோவலன் பிரிந்தபின் கண்ணகியின் நிலையை அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலே இளங்கோவடிகள் சொல்லும்போது, காலிற் சிலம்பு இல்லை, இடையில் மேகலை இல்லை என்று அடுக்கிவந்து, மார்பிலே குங்குமம் எழுதவில்லை என்றும் சொல்கிறார். கற்புக்கு ஒரு காப்பியம் எழுதியவர், அந்தக் கற்பின் தலைவியைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லக் கூசவில்லை.

அபிராமி அந்தாதியைப் பாருங்கள். அதன் 85ஆம் பாடலிலே, வாரால் இறுகிய, குங்குமம் பூசிய அம்பிகையின் மார்பையும் அதன்மேல் அசையும் முத்துமாலையையும் திசைதோறும் காண்பதாகப் பட்டர் பாடுகிறார். நவராத்திரி நாட்களிலே நம் பெண்கள் கூடியிருந்து பாடும்போது இந்தப் பாடலுக்கு யாரும் தலை குனிவதில்லை. அதே சொல்லை நான் உயர்தர வகுப்பிலே விளக்கும்போது பின்வரிசையிலே சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்கிறது. சொல்லிலே குற்றமில்லை. இடையிலே நம் பார்வைக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது.

கல்லும் செம்பும் ஓவியமும்

சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் ஒரு மரபு உண்டு. திருமாலின் வலப்புறத்தில் நிற்பவள் சீதேவி. இடப்புறத்தில் நிற்பவள் பூதேவி. சீதேவிக்கு மார்பிலே கச்சு இருக்கும். பூதேவிக்கு இராது. கோயிலுக்குப் போகிறவர்கள் இருவரையும் பிரித்தறிய இது ஓர் எளிய அடையாளம். சிவனோடு நிற்கும் உமைக்கும் பெரும்பாலும் கச்சு இல்லை. கொழும்பு நூதனசாலைக்குச் சென்றால் பொலன்னறுவையிற் கிடைத்த சைவத் திருமேனிகளைக் காணலாம். அங்கே பார்வதியின் முன்னே நிற்பவருக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுமே தவிர, ‘ஆடை குறைவாக இருக்கிறதே’ என்று தோன்றாது.

நம் நாட்டிலேயே ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிகிரியா ஓவியங்கள் இருக்கின்றன. காசியப்பன் காலத்து அந்தப் பெண்களுள், பணிப்பெண்கள் என அறிஞர் கருதும் உருவங்கள் சில மார்பிலே பட்டி கட்டியிருக்கின்றன. அவர்களோடு நிற்கும் சீமாட்டிகளுக்கு அது இல்லை. வெறும் மார்பு, அல்லது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய துணி. அந்தப் பட்டிக்குச் சிங்களத்திலே ‘தனபட’ என்று பெயர். ‘தன’ என்பது நம்முடைய தனம். ‘பட’ என்பது துணிப்பட்டி. இன்றைய உள்ளாடைக்கும் அச்சொல்லே வழங்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திருமால் கோயிலிலே கச்சு முதல் தேவியின் அடையாளம். சிகிரியாவிலே கச்சு பணிப்பெண்ணின் அடையாளம். துணி ஒன்றுதான்; அது சொல்லும் சேதி இடத்துக்கு இடம் தலைகீழாகிறது. மார்புத் துணி ‘மானத்தின்’ அடையாளமாவதற்கு முன்னர் ‘தரத்தின்’ அடையாளமாகவே இருந்தது. உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்று தூரத்திலேயே காட்டும் ஒரு குறி. இந்தக் குறியே பிற்காலத்திலே பல பெண்களின் உடலில் காயமாக மாறியது.

கடல் கடந்து வந்த பெயர்கள்

அதற்குப் போகுமுன் பெயர்களைப் பற்றிச் சிறிது. கச்சு வழக்கொழிந்தது, தைத்த ஆடைகள் வந்தன. இரவிக்கை தெலுங்கு வழியாக வந்தது. போர்த்துக்கேயர் 1505இல் இங்கு வந்தபின் சப்பாத்து, துவாய், லேஞ்சி, ரேந்தை என்ற சொற்கள் நம் வீட்டுக்குள் நுழைந்தன. ஆங்கிலேயரின் ‘பொடிஸ்’ என்ற உடுப்பு தமிழகத்துப் பேச்சிலே ‘பாடி’ ஆயிற்று. உடல் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் பன்மையிலிருந்தே அந்த ஆடைக்குப் பெயர் வந்தது என்பதை எண்ணும்போது, நப்பூதனாரின் மெய்ப்பை நினைவுக்கு வராமற் போகாது. ஆண்கள் அணியும் பெனியனின் பெயரோ இங்கிருந்து போய்த் திரும்பி வந்தது. இந்திய வணிகர்களான பனியாக்களின் பெயரை அவர்களுடைய தளர்ந்த மேலாடைக்கு ஐரோப்பியர் இட்டனர். அதுவே சுருங்கி உள்ளாடையாகி நம்மிடம் மீண்டது.

‘பிறேசியர்’ பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சுக்காரரோ அந்தச் சொல்லால் இன்று குழந்தையின் சிறு சட்டையைக் குறிக்கிறார்கள். பெண்ணின் மார்பாடைக்கு அவர்களிடம் வேறு பெயர் இருக்கிறது.

மேற்கிலும் இது நீண்ட கதை. சிசிலித் தீவின் பியாற்சா ஆர்மெரீனாவில் உள்ள நான்காம் நூற்றாண்டு உரோம மாளிகையின் தரையிலே, மார்பிலே பட்டி கட்டி உடற்பயிற்சி செய்யும் பெண்கள் வண்ணக் கற்களாற் பதிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒஸ்திரியாவின் லெங்பேர்க் கோட்டையிலே 2008இல் கிடைத்த துணிக் குவியலில், இன்றைய மார்பாடையைப் போலவே இரு கிண்ணங்களாகத் தைத்த பதினைந்தாம் நூற்றாண்டு உடைகள் இருந்தன. அதன்பின் சில நூற்றாண்டுகள் திமிங்கில எலும்பு வைத்து இறுக்கிய ‘கோர்செற்’ என்னும் கூட்டுக்குள் ஐரோப்பியச் சீமாட்டிகள் மூச்சுத் திணறினார்கள். நியூயோர்க்கிலே மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண், தம் பணிப்பெண்ணின் துணையோடு இரண்டு பட்டு லேஞ்சிகளையும் ஒரு நாடாவையும் சேர்த்துத் தைத்து, அதற்கு 1914இல் காப்புரிமை பெற்றார். பின்னர் 1500 டொலருக்கு ஒரு கோர்செற் கம்பனிக்கு அந்த உரிமையை விற்றுவிட்டார். அந்த எளிய ஆடையே உலகெங்கும் பரவியது.

தோள்சீலை

மேற்கிலே பெண்கள் இறுக்கத்திலிருந்து விடுபடப் போராடினார்கள். நம் பக்கத்திலே ஒரு முழத் துணியை மார்பிலே போடுவதற்குப் போராடினார்கள். அந்தக் கதை நடந்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதி.

அந்நாட்டின் பழைய வழக்கப்படி மார்பை மூடாமை மரியாதையின் அடையாளம். தாழ்ந்தவர் உயர்ந்தவர் முன்னே மார்பைத் திறந்து நிற்கவேண்டும். உயர்ந்த சாதியினரும் தமக்கு மேலானவர் முன்னும் கோயிற் சந்நிதியிலும் மேலாடையை விலக்கினர். இந்த ஏணியின் கீழ்ப்படிகளில் வைக்கப்பட்ட நாடார் முதலிய சமூகங்களின் பெண்களுக்கோ, எந்த நேரத்திலும் தோளிலே சீலை போட உரிமையில்லை.

நாகர்கோவில் வட்டாரத்திலே இலண்டன் மிஷன் வேலை செய்தது. மதம் மாறிய நாடார் பெண்கள் மார்பை மூட விரும்பினார்கள். ரெசிடென்ராகவும் திவானாகவும் இருந்த கேணல் மன்றோ 1813இல் அதற்கு அனுமதி வழங்கினார். 1814இல் அரசு அதைத் திருத்தியது: சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் அணியும் குப்பாயம் என்ற சட்டையை அணியலாம்; ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளின்மேல் சீலை போடக்கூடாது.

முன்னர் சொன்ன வேறுபாடு இங்கேதான் வருகிறது. தைத்த சட்டைக்கு அனுமதி உண்டு. போர்த்தும் சீலைக்கு இல்லை. பிரச்சினை மார்பு மூடப்படுகிறதா என்பதன்று. மார்பை மூடச் சட்டையே போதும். தோளிலே கிடக்கும் அந்தச் சீலை ‘நானும் உனக்குச் சமம்’ என்று சொன்னது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெண்கள் அதை விளங்கிக்கொண்டார்கள். சட்டையும் அணிந்து, அதன்மேலே சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள்.

1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளிலே கலவரம் தொடங்கியது. பொது இடங்களிலே பெண்களின் மேலாடை பறிக்கப்பட்டது, கிழிக்கப்பட்டது. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 1827 தொடக்கம் மீண்டும் கலவரம். 1829 பெப்ரவரி 3ஆம் திகதி வெளிவந்த அரச அறிக்கை, நாடார் பெண்களுக்குத் தோள்சீலை உரிமை இல்லை என்று அறுதியிட்டுச் சொன்னது. அந்த அறிக்கை வந்தபோது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண், ராணி கௌரி பார்வதி பாய்.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1858 நவம்பரில் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வெளியானது. இனி உரிமை உண்டு என்று மக்கள் நம்பினார்கள். அதே ஆண்டின் கடைசியிலும் 1859இன் தொடக்கத்திலும் மூன்றாம் முறையாகக் கலவரம் மூண்டது. சந்தைகளிலே பெண்கள் தாக்கப்பட்டார்கள். வீடுகளும் ஆலயங்களும் கொளுத்தப்பட்டன. சென்னை ஆளுநர் சார்ல்ஸ் ட்ரெவெலியன் கடுமையாக வற்புறுத்தவே, 1859 ஜூலை 26ஆம் திகதி உத்திரம் திருநாள் மகாராசா புதிய அறிக்கை விடுத்தார். திவானாக இருந்தவர் மாதவராவ். நாடார் பெண்கள் சட்டை அணியலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியை மார்பைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மூடலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியலாகாது.

1813இலிருந்து 1859 வரை 46 ஆண்டுகள். இவ்வளவும் நடந்த பிறகும் கடைசி வரியிலே ‘உயர்சாதிப் பெண்களைப் போல’ என்ற தடை ஒட்டிக்கொண்டே நின்றது. காலப்போக்கிலே பெண்கள் அந்தக் கடைசி வரியையும் பொருட்படுத்தாமல் விட்டதால் அது செத்துப்போயிற்று.

இதே நாகர்கோவிலிலே இன்னொன்றும் நடந்தது. மிஷனரியின் மனைவியான மார்த்தா மோல்ட் 1820ஆம் ஆண்டுகளிலே பெண் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த ரேந்தை ஆங்கிலச் சீமாட்டிகளின் உடைகளை அலங்கரிக்கப் போயிற்று. தம் தோளிலே ஒரு சீலை போட உரிமையற்றிருந்த சமூகங்களின் பெண்கள், பிறர் உடைக்கு ரேந்தை பின்னினார்கள். அதிலே கிடைத்த சிறு வருமானம் அவர்களைத் தலைநிமிரச் செய்தது என்பதையும் மறுக்க முடியாது.

இந்தப் போராட்டத்தின் இருநூறாவது ஆண்டு விழா 2023 மார்ச் 6ஆம் திகதி நாகர்கோவிலிலே நடந்தது. தமிழக முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையிலே பேசினார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2019இல், இந்திய மத்திய அரசின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து, இந்தச் செய்தியைக் கூறிய ஆடை வரலாற்று அத்தியாயம் நீக்கப்பட்டது. ஒரு பக்கம் விழா, மறுபக்கம் நீக்கம்.

குறுக்குக்கட்டு

‘அது மலையாள தேசத்துக் கதை’ என்று நாம் இங்கே மூச்சு விட்டுக்கொள்ள முடியாது.

கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலே, மேற்சட்டை அணிவதும் இடைத்துணி முழங்காலுக்குக் கீழே தொங்குவதும் உயர்ந்த குலத்தாரின் அடையாளம் என்று எழுதினார். அதே இராச்சியத்திலே றொடியர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் இடைக்கு மேலே துணி போடக்கூடாது என்பது வழக்கம். பின்னர் ஆங்கிலேயர் காலத்திலே அந்தப் பெண்களைப் புகைப்படமெடுத்துத் தபால் அட்டைகளாக விற்றார்கள். முதலிலே துணி மறுக்கப்பட்டது. பிறகு அந்தத் துணியில்லாமையே காட்சிப்பொருளாக விலைப்பட்டது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். குறுக்குக்கட்டு என்ற சொல்லை நம் வீட்டு முதியவர்கள் நன்றாக அறிவார்கள். துணியை மார்புக்கு மேலே குறுக்காகச் சுற்றிச் செருகுவது. கிணற்றடியிலே குளிக்கும்போது எல்லாப் பெண்களும் கட்டியதுதான். ஆனால் ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பெண்களுக்கு அதுவே வெளியுடையாகவும் விதிக்கப்பட்டது. இரவிக்கை அணிந்தால் குற்றம். தோளை மூடினால் குற்றம். ஒருத்திக்குக் குளியல் உடை. மற்றவளுக்கு அதுவே தெருவுக்கும் வயலுக்கும் உரிய உடை. நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து அரிவு வெட்டுகிறவள், நெல்லுக் குற்றுகிறவள், அவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தோடு ஒரு கையால் முடிச்சைப் பிடித்தபடி வேலை செய்யவேண்டியிருந்தால் அது என்ன வாழ்க்கை?

அடிமை முறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. வழக்கம் ஒழியவில்லை. சாதியின் பேரால் மக்களை ஒதுக்குவதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேதான் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே நின்று போராட வேண்டியிருந்தது. இந்த வாழ்வை எழுத்திலே கொண்டுவந்தவர்களாக கே. டானியலையும் டொமினிக் ஜீவாவையும் குறிப்பிட வேண்டும். தமிழிலக்கியத்திலே உடை என்றதும் மேகலையும் துகிலும் மட்டும் பேசிக்கொண்டிருந்த நமக்கு, உடுக்க விடாமல் தடுத்ததும் இலக்கியப் பொருளே என்று காட்டியவர்கள் அத்தகைய எழுத்தாளர்கள்.

இதே பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கல்கத்தாவில் வேறொரு காட்சி. இரவீந்திரநாத் தாகூரின் அண்ணியார் ஞானதானந்தினி தேவி, கணவரோடு 1864இல் பம்பாய்க்குச் சென்றவர், சேலையோடு இரவிக்கையும் உள்பாவாடையும் அணியும் முறையை வங்காளக் குடும்பங்களிலே பரப்பினார். அதுவரை அங்கே பல மேட்டுக்குடிப் பெண்கள் வீட்டுக்குள்ளே ஒற்றைச் சேலையோடு இருந்தார்கள். பெண் வெளியே வரவேண்டும், படிக்கவேண்டும், சபையில் அமரவேண்டும் என்றபோது அதற்கேற்ற உடை தேவைப்பட்டது. இன்று ‘நம் பண்பாட்டு உடை’ என்று நாம் சொல்லும் சேலை, இரவிக்கை, உள்பாவாடை என்ற கூட்டு இன்றைய வடிவிலே பரவியது ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்ளேதான். பண்பாட்டின் பேரால் பெண்பிள்ளைகளின் உடையைக் கண்டிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தைக்கும் கைகள்

இன்றைய நிலைக்கு வருகிறேன். கட்டுநாயக்காவிலே 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. ஆடைத் தொழில் வளர்ந்தது. இன்று இலங்கை ஆண்டுதோறும் 400 கோடி டொலருக்கு மேல் ஆடைகளை ஏற்றுமதி செய்கிறது. அதிலே பெண்களின் உள்ளாடைக்கு முக்கிய பங்கு உண்டு. 1987இல் தொடங்கிய எம்.ஏ.எஸ். நிறுவனம் அத்துறையிலே உலகறிந்த பெயர். 2008இல் துல்ஹிரியாவிலே அது திறந்த துருலி என்ற தொழிற்சாலை, உள்ளாடை தைப்பதற்கென்றே சூழலுக்கு இசைவாகக் கட்டப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன.

ஒரு மார்பாடையிலே இருபதுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகள் இருக்கும். கிண்ணம், பக்கப் பட்டி, தோள்வார், கம்பி, கொழுக்கி, ரேந்தை என்று ஒவ்வொன்றும் வேறு வேறு துணி, வேறு வேறு இழுவிசை. தையல் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் அணிகிறவளுக்கு உறுத்தும். சேலைக்கு ஓரம் அடிப்பதுபோன்ற வேலையன்று இது. கணக்குத் தெரிந்த கைகள் வேண்டும். இலண்டனிலும் நியூயோர்க்கிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கப்படும் அந்த ஆடையைத் தைத்தவர்களுள், குறுக்குக்கட்டுக் கட்டிய பாட்டியின் பேத்தியும் இருக்கக்கூடும். பல்லாயிரம் குடும்பங்களுக்கு அந்த வேலை சோறு போடுகிறது. அதே வேளை, உற்பத்தி இலக்கு, நீண்ட நேரம் குந்தியிருத்தல், விடுதி வாழ்க்கை, ‘கார்மென்ற் பெட்டை’ என்று ஊர் வைக்கும் இளக்காரப் பெயர் ஆகியவற்றையும் அந்தப் பெண்கள் சுமக்கிறார்கள். நாடு அவர்கள் தைத்ததை விற்று டொலர் தேடுகிறது. அவர்கள் என்ன தைக்கிறார்கள் என்று கேட்டால் வீட்டிலே வாய் திறந்து சொல்லத் தயங்குகிறார்கள்.

இந்தத் தயக்கம் சில நேரம் பெரிய தீங்காகிவிடும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கொழும்பிலே நாங்கள் சிலர் நிவாரணப் பொருட்கள் சேர்த்தோம். அரிசி, பருப்பு, பால்மா, சேலை, சாரம் என்று மலைபோலக் குவிந்தது. இரண்டு லொறிகள் கிழக்குக்குப் போயின. ஒரு கிழமை கழித்து அங்கே முகாமிலே வேலை செய்த ஓர் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். பேச்சைச் சுற்றி வளைத்து, கடைசியிலே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சேலை காணும். உள்ளுக்குப் போட ஒண்டும் இல்லை. அதை யாரிட்டக் கேக்கிறதெண்டு பிள்ளையள் அழுதுகொண்டிருக்கினம்.” பட்டியல் எழுதியவர்கள் அதை எழுதவில்லை, கொடுத்தவர்கள் நினைக்கவில்லை, வேண்டியவர்கள் கேட்கவில்லை. கட்டுநாயக்காவிலே அது பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்த அதே நாட்டிலேதான் இது நடந்தது.

வீடுகளிலும் பாருங்கள். கொடியிலே மற்றெல்லாம் வெயிலில் உலர, இது மட்டும் துவாயின் கீழே ஒளிந்து ஈரமாகவே கிடக்கும். ஈரத் துணியால் தோலில் நோய் வரும் என்று தெரிந்தாலும், அயலார் கண்ணுக்குப் பயம். மார்பிலே ஒரு கட்டி தட்டுப்பட்டால் தாயிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கிலே வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயே. நேரத்தோடு கண்டால் குணப்படுத்த வழி உண்டு. வாய் திறக்காமை அந்த நேரத்தை விழுங்கிவிடுகிறது.

இலக்கிய அன்பர்களே, திருவிதாங்கூரிலும் யாழ்ப்பாணத்திலும் பெண்ணிடம் ‘மூடாதே’ என்றார்கள். இன்று ‘மூடு, ஆனால் பேசாதே’ என்கிறோம். இரண்டு கட்டளைகளிலும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நம் பழைய இலக்கியம் இந்த விடயத்திலே நம்மைவிடத் துணிவுள்ளது. கச்சைப் பாசறையிலும் பாடியது, காதலிலும் பாடியது, அம்பிகையின் சந்நிதியிலும் பாடியது. பாடநூலிலே அந்த வரி வரும்போது ஆசிரியர்கள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டாமல் சொல்லின் பொருளைத் தெளிவாகச் சொல்லட்டும். சொல்லிவிட்டு, அதைக் கட்ட மறுக்கப்பட்ட பெண்களின் கதையையும் சேர்த்துச் சொல்லட்டும். தாய்மார் தம் பெண்பிள்ளைகளிடம் குரலைத் தாழ்த்தாமற் பேசட்டும்.

அடுத்த கிழமை, பழந்தமிழரின் காலணிகளைப் பற்றிப் பேசுவோம். செருப்பு அணிவதற்கும் நம் நாட்டிலே போராட்டம் நடந்திருக்கிறது என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். அதுவரை விடைபெறுகிறேன்.